பற்றில் குறையில்லை சார், கம்பியைப் பாருங்கள்

வாசகர் கடிதம்: "வயது 67. தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். பழைய மாணவர் ஒருவர் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்குக்கு 1 ஓம் நிலைத்தடை (மதிப்பு மாறாமல் நிற்க வேண்டிய மின்தடை) நான்கு செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். இடையில் வலது கண்ணில் புரை முற்றி அறுவை சிகிச்சை ஆனது, இன்றோடு 12 நாள். மனசு கேட்காமல் ஒன்பதாம் நாளே வேலையில் உட்கார்ந்தேன். பள்ளியில் கழித்துப்போட்ட உருளையிலிருந்து எடுத்த 22 கேஜ் மாங்கனின் கம்பி, இரு முனையிலும் இரண்டிரண்டு செம்புக் கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தேன் (சால்டரிங்). 100 மில்லிஆம்பியர் செலுத்தி நாலரை இலக்க மீட்டரில் பார்த்தால், பற்றிய உடனே 100.72 மில்லிவோல்ட். பத்து நிமிடத்தில் 100.34. மீட்டர் முனைகளை மாற்றினால் அதே எண், எதிர்க்குறியோடு. மின்னோட்டத்தைத் திருப்பினால் மட்டும் 100.06. பற்று சரியில்லை என்று மூன்று முறை உருக்கி உருக்கி வைத்தும் இதே கதை. கண்ணும் கையும் ஒத்துழைக்கவில்லை. நான் பார்க்கிற இடத்தில் சால்டரிங் அயர்ன் முனை படுவதில்லை. என் மகன் அயர்னை எங்கோ ஒளித்துவைத்துவிட்டான். பற்றை எப்படிச் சரிசெய்வது? எப்போது மறுபடி தொடங்கலாம்?"

அன்புள்ள சார்,

முதலில் உங்கள் மகனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அயர்ன் இன்னும் சில வாரம் ஒளித்த இடத்திலேயே இருக்கட்டும். அதுவரை செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதில் எதற்கும் நெருப்பு வேண்டாம்.

அளவுத்திருத்த ஆய்வகத்தில் 28 வருஷம் இருந்துவிட்டேன். "பற்று சரியில்லை" என்று வருகிற தடைகளில் பாதிக்குமேல் பற்று நன்றாகத்தான் இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான். நீங்கள் எழுதிய மூன்று எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. பற்று கெட்டிருந்தால் மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். உங்களுக்கு ஒரு திசையில் 100.34, மறு திசையில் 100.06. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 100.20. வித்தியாசத்தில் பாதி 0.14. இந்த 0.14 மில்லிவோல்ட் மின்னோட்டத்தைச் சட்டை செய்யாமல், அதன் போக்கில் ஒரே திசையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு திசையில் உங்கள் அளவோடு கூடுகிறது, மறு திசையில் கழிகிறது. மீட்டர் முனையை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே புரண்டுவிடும், அதனால் அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. மின்கலத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது ஆசிரியர் மூளை. மீட்டர் சமனச்சுற்றில் இடது இடைவெளித் தடையையும் வலது இடைவெளித் தடையையும் இடம் மாற்றி வைத்து மறுபடி அளக்கச் சொல்லி எத்தனை பிள்ளைகளை விரட்டியிருப்பீர்கள். அதே பழக்கம்தான் இங்கே கைகொடுத்திருக்கிறது.

தானாக உட்கார்ந்திருக்கும் இந்த மின்னழுத்தம் நீங்கள் பாடம் நடத்திய சீபெக் விளைவுதான். இரண்டு உலோகம் சேரும் இடங்கள் இரண்டு இருந்து, ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். கேள்வி அதன் அளவு. செம்பும் மாங்கனினும் சேரும் இடத்தில் ஒரு டிகிரிக்கு ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்தான் வரும். உங்கள் 0.14 மில்லிவோல்ட் வர வேண்டுமானால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் எழுபது டிகிரியாவது வித்தியாசம் வேண்டும். பத்து நிமிடம் ஆறிய பிறகு அது நடக்காத காரியம். அதே இடத்தில் கான்ஸ்டன்டன் என்ற இன்னொரு கலவைக் கம்பி இருந்தால் டிகிரிக்கு ஏறக்குறைய 40 மைக்ரோவோல்ட். அப்படியானால் மூன்றரை டிகிரி போதும். பற்றிய உடனே எடுத்த 100.72-ல் இருப்பது 0.52 மில்லிவோல்ட், அதாவது 13 டிகிரி. ஒரு முனையை இப்போதுதான் உருக்கினீர்கள், மற்றது முன்னமே ஆறிவிட்டது. கணக்கு கச்சிதமாக உட்காருகிறது.

ஆக, உங்கள் உருளையில் இருப்பது மாங்கனின் இல்லை என்று நினைக்கிறேன். பள்ளி ஆய்வகங்களில் யுரேகா கம்பி என்று ஒன்று புழங்குமே, அதுவும் கான்ஸ்டன்டனும் ஒன்றுதான். 55 பங்கு செம்பு, 45 பங்கு நிக்கல். மாங்கனின் என்பது 84 பங்கு செம்பு, 12 மாங்கனீசு, மீதி நிக்கல். வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் கண்டவர் ஒருவரே, அமெரிக்காவில் கருவிகள் செய்த எட்வர்ட் வெஸ்டன். கான்ஸ்டன்டன் 1887-ல், மாங்கனின் 1892-ல். இரண்டுமே சூட்டில் தடை அதிகம் மாறாத கலவைகள். ஆனால் செம்போடு சேர்ந்தால் ஒன்று சாது, மற்றது வாயாடி. அந்த வாயாடித்தனத்தால்தான் செம்பு-கான்ஸ்டன்டன் இணையை வெப்பநிலை அளக்கவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் தடை செய்யப்போய் ஒரு நல்ல வெப்பமானி செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

எப்படி மாறிப்போனது என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். உரித்துப் பார்த்தால் மாங்கனினில் மெல்லிய செம்பழுப்புச் சாயல் இருக்கும், கான்ஸ்டன்டன் வெள்ளிபோல வெளிறி நிற்கும். புரை முற்றிய கண்ணில் எல்லாமே பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரிதான் தெரியும். இப்போது வலது கண்ணை மட்டும் திறந்து அந்தக் கம்பியைப் பாருங்கள், பிறகு இடது கண்ணால். இரண்டு கம்பியோ என்று சந்தேகம் வரும். எனக்கு ஆபரேஷன் ஆன மறுநாள் வீட்டுச் சுவர் வெள்ளையடித்ததுபோல் இருந்தது. வெள்ளையடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

நிறத்தையும் நம்ப வேண்டாம், நீளத்தையும் நம்ப வேண்டாம். இரண்டின் தன்மின்தடையும், அதாவது ஒரே நீளத்துக்கும் பருமனுக்கும் வரும் தடையும், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி, கேஜில், அதாவது கம்பியின் பருமனில், சிறு வித்தியாசம் வந்தால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடலாம். காபியை வைத்துச் சோதியுங்கள். அந்தக் கம்பியில் ஒரு முழம் எடுத்து, ஒரு முனையை உரித்துச் செம்புக் கம்பியோடு நாலு சுற்று முறுக்குங்கள். மற்ற இரு முனைகளையும் மீட்டரின் 200 மில்லிவோல்ட் அளவில் சொருகுங்கள். முறுக்கிய முனையை விரலால் பிடித்தாலே, கான்ஸ்டன்டன் என்றால் கடைசி இலக்கத்தில் பத்துப் பன்னிரண்டு எண்ணிக்கை நகரும். பிறகு அதைச் சூடான காபி டம்ளரில் விடுங்கள். வெளியே 31 டிகிரி, காபி 70 டிகிரி என்று வைத்தால் ஒன்றரை மில்லிவோல்டுக்கு மேல் காட்டும். மாங்கனின் என்றால் 0.1-ஐத் தொடுவதே அபூர்வம். இடையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்தக் காபியைக் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான் நிபந்தனை.

சோதனையில் கான்ஸ்டன்டன் என்று வந்தால் கம்பியைத் தூக்கிப்போட வேண்டுமா? உங்கள் தேவையைப் பொறுத்தது. பாலிடெக்னிக் மாணவர்கள் மின்னோட்டம் அளக்க ஆயிரத்தில் ஒன்று துல்லியம் போதுமென்றால் அதே கம்பி போதும். ஒவ்வொரு அளவையும் இரு திசையில் எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்லுங்கள், வெப்ப மின்னழுத்தம் தானே கழிந்துவிடும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பாடம். திசை மாற்றாமல் ஒரே அளவில் நம்பகம் வேண்டும் என்றால் மாங்கனின் வாங்குங்கள். என் கையில் விட்டால் நான் மாங்கனினைத்தான் எடுப்பேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, எல்லாப் பிள்ளைகளும் திசை மாற்றி அளப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இனி பற்றுக்கு வருகிறேன். உங்கள் உண்மையான சிக்கல் வெப்பம் மட்டுமில்லை, பற்று உட்கார்ந்திருக்கும் இடமும்தான். 22 கேஜ் கம்பியில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிஓம். மொத்தமே 1 ஓம் என்றால், ஈயம் கம்பியின்மேல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வழிந்தாலே ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. ஈயம் மூடிய பகுதி கம்பியாக இல்லை, கிட்டத்தட்ட குறுக்குச்சுற்று. நீங்கள் மூன்று முறை உருக்கி வைத்தபோது ஒவ்வொரு முறையும் ஈயத்தின் ஓரம் வேறு இடத்தில் நின்றிருக்கும், தடையும் வேறு தடையாகியிருக்கும். நல்ல கண்ணும் பூதக்கண்ணாடியும் இருந்தாலும் இதை ஒரு மில்லிமீட்டருக்குள் கட்டுப்படுத்துவது சுலபமில்லை.

ஆகவே பற்றை அளவுக்கு வெளியே தள்ளிவிடுவதுதான் வழி. நீங்கள் ஒவ்வொரு முனையிலும் இரண்டு செம்புக் கம்பியை ஒரே ஈய உருண்டைக்குள் புதைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பிரியுங்கள். மின்னோட்டம் கொண்டுவரும் தடித்த செம்புக் கம்பி கடைக்கோடியில் இருக்கட்டும். மின்னழுத்தம் எடுக்கும் கம்பி அங்கிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, தனியாக இருக்கட்டும். கடைக்கோடிப் பற்று எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், ஈயம் எவ்வளவு வழிந்தாலும், அரைகுறையாகப் பிடித்திருந்தாலும்கூட உங்கள் 1 ஓம் அசையாது, ஏனென்றால் அளக்கப்படுவது உள்ளே இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள கம்பி மட்டும். நான்கு முனை இணைப்பு என்று நீங்கள் பாடத்தில் சொல்வது இதுதான். உள்ளே இருக்கும் அந்த இரண்டு பற்றும் சிறியதாக இருந்தால் போதும். தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த செம்பு இழை ஒன்றை எடுத்துத் தடைக்கம்பியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கடுகளவு ஈயம். சுற்றிய இழை இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஈயம் அதை ஒட்டியே நிற்கும். இடத்தைத் தீர்மானிப்பது இப்போது உங்கள் கண் இல்லை, அந்தச் சுற்று. அதைக் கையால் நகர்த்தி, ஸ்கேல் வைத்து, மீட்டரையும் பார்த்துவிட்டு, பிறகு சாவகாசமாக ஈயம் வைக்கலாம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வெப்ப மின்னழுத்தம் கணக்கில் வருவது அந்த இரண்டு உள்பற்றுகளில் மட்டும். கம்பியை நடுவில் மடித்து இரட்டையாகச் சுற்றினால் இரு முனையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். தூண்டலைக் குறைக்கத்தான் அப்படிச் சுற்றச் சொல்வார்கள், நேர்மின்னோட்டத்துக்கு அது தேவையே இல்லை. நமக்கு வேண்டியது இரண்டு பற்றும் ஒரே காற்றில் இருப்பது. ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் மைக்கா துண்டு ஒன்று வைத்து, மேலே பஞ்சு போட்டு, ஒரு தெர்மாக்கோல் டப்பாவுக்குள் மூடிவையுங்கள். அளக்கும்போது மேசை மின்விசிறியை அணைத்துவிடுங்கள். உங்கள் ஊர் மதியக் கடல்காற்று ஜன்னல் வழியாக ஒரு முனையில் மட்டும் அடித்தாலே ஒரு டிகிரி போதும், கான்ஸ்டன்டனில் 0.04 மில்லிவோல்ட் எகிறிவிடும்.

சராசரி பார்த்தால் உங்கள் தடை 1.002 ஓம், 100 மில்லிஆம்பியர் சரியாக இருக்கும் பட்சத்தில். இதைக் குறைக்கக் கம்பியைச் சுருக்கிப் பற்றை நகர்த்த நினைப்பீர்கள். வேண்டாம். அதன் மின்னழுத்த முனைகளுக்குக் குறுக்கே 499 ஓம் மெட்டல் ஃபிலிம் தடை ஒன்றைத் திருகில் முடுக்குங்கள். இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 1.0000 ஓமுக்கு வந்துவிடும். அந்த 499 ஓம் நூற்றில் ஒன்று தவறாக இருந்தாலும் உங்கள் 1 ஓமில் அது லட்சத்தில் இரண்டாகத்தான் தெரியும். உங்கள் தடை 1 ஓமைவிட ஆயிரத்தில் நான்கு கூடுதலாக இருந்தால் 250 ஓம் போடுங்கள், ஆயிரத்தில் ஒன்று கூடுதல் என்றால் 1000. எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே செய்து கொள்ளுங்கள், குறைவாகப் போனால் இந்த வித்தை பலிக்காது. துல்லியமான வேலையைக் கண்ணிலிருந்து கணக்குக்கு மாற்றிவிட்டோம். உங்களுக்குக் கணக்கு வரும்.

உண்மையான மதிப்புக்கு ஆதாரம் ஒன்று வேண்டும். மீட்டரின் மில்லிஆம்பியரை நம்பாமல், என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழுள்ள 1 ஓம் ஒன்றை மாணவர் மூலமாக இரண்டு நாள் இரவல் வாங்குங்கள். இரண்டையும் தொடராக இணைத்து, ஒரே மின்னோட்டத்தில் இரண்டின் மின்னழுத்தத்தையும் மாற்றி மாற்றி எடுங்கள். விகிதம்தான் விடை, மின்னோட்டம் என்னவாக இருந்தாலும் கணக்கில் அடிபட்டுப் போய்விடும்.

கண் விஷயம். நான் கண் மருத்துவன் இல்லை, எப்போது தொடங்கலாம் என்ற தேதியை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் "வேலை செய்யலாமா" என்று கேட்காதீர்கள். புத்தகம் படிக்கிற வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். இப்படிக் கேளுங்கள்: "350 டிகிரி சூட்டில் இருக்கிற முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, புகை படும்படி, ஈயம் தெறிக்கக்கூடிய வேலை. குனிந்து ஒரு மணி நேரம்." இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு வலது கண் ஆனபோது அப்படிக் கேட்டேன். நாலு வாரம் என்று பதில் வந்தது. கேட்டுக்கொண்டு வந்து பன்னிரண்டாம் நாளே அயர்னைத் தொட்டவன்தான் நானும். பற்று முடிந்து, மீந்த கம்பி நுனியை நிப்பரால் கத்தரித்தேன். அந்தத் துண்டு சுளீரென்று கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே குத்தி நின்றது. எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அயர்னைவிட நிப்பர் ஆபத்து. தொடங்கும்போது பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்கும்போது மறுகை விரலால் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முனை நீங்கள் பார்க்கிற இடத்தில் படாததற்குக் கை காரணமில்லை. அறுவையில் கண்ணுக்குள் பெரும்பாலும் வைக்கப்படுகிற லென்ஸ் தூரப் பார்வைக்கு அமைத்தது. கிட்டத்தில் உள்ளதற்கு அதனால் தானே குவியம் மாற்றிக்கொள்ள முடியாது. இடது கண் வேறு கணக்கில் இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒத்துப்போனால்தான் ஆழம் சரியாகத் தெரியும், உங்களுக்கு இப்போது அது இல்லை. காயம் ஆறி, பார்வை நிலைபெற்று, மாதம் ஒன்றையொட்டிக் கண்ணாடி எழுதிக்கொடுப்பார்கள். அதுவரை பழைய கண்ணாடி அந்தக் கண்ணுக்குத் தப்பான கண்ணாடி. இதை வைத்துக்கொண்டு உங்கள் கைத்திறனை எடைபோடாதீர்கள். கண்ணாடி வந்தபிறகும் பத்து மடங்கு லென்ஸ் வேண்டாம், அதில் பார்க்க முகம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிட்டே போக வேண்டும், அங்கேதான் அயர்ன் இருக்கும். ஸ்டாண்டில் நிற்கிற இரண்டு மூன்று மடங்கு லென்ஸ் போதும். நான் பேரனின் பழைய செல்போனை ஒரு கம்பிக் கிளிப்பில் மாட்டி, கேமராவைப் பெரிதாக்கி, திரையைப் பார்த்தே பற்றவைக்கிறேன். முகம் அரை மீட்டர் தள்ளி இருக்கும். பழக இரண்டு நாள் ஆகும்.

இன்னொன்று, ஒன்பதாம் நாள் நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். ஈயக்கம்பியைப் பிடித்த விரலில் ஈயமும், ஈயம் பிடிப்பதற்காகத் தடவும் பேஸ்ட்டும் ஒட்டியிருக்கும். அதே விரலால் மணிக்கணக்குப் பார்த்துக் கீழ் இமையை இழுத்துச் சொட்டு மருந்து விட்டிருப்பீர்கள். சொட்டு மருந்து முடிகிறவரை பற்றவைப்பைத் தள்ளிப்போட இது ஒன்றே காரணம் போதும். பிறகும் ஈயத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் முகத்தைத் தொட வேண்டும். இதற்குள்ளாகவே கண் சிவப்பு, வலி, பார்வை மங்கல், ஒளியைப் பார்த்தால் கூச்சம் என்று ஏதாவது கூடியிருந்தால் என் கடிதத்தை மூடிவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்.

பேஸ்ட் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் சின்ன டப்பாவில் வெண்ணெய் மாதிரி கிடைப்பதில் சிலவற்றில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போடுவாரே, அந்த வகை. பாத்திரத்தைக் கழுவிவிடுவோம், தடையைக் கழுவ முடியாது. மிச்சம் தங்கி ஈரம் இழுத்து, மாதக்கணக்கில் கம்பியைத் தின்னும். நிக்குரோம் கம்பிக்கு வேண்டுமானால் அப்படிப்பட்டது இல்லாமல் ஈயம் ஒட்டாது, அதன் மேல் குரோமிய ஆக்சைடு படிந்திருக்கும். கான்ஸ்டன்டனுக்கும் மாங்கனினுக்கும் ரோசின் (பைன் மரப் பிசின்) போதும், கம்பியைப் பளிச்சென்று சுரண்டினால். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த 60-40 வாங்குங்கள், ஈயமற்றது வேண்டாம். ஈயமற்றதில் நல்ல பற்றே மங்கலாகத்தான் இருக்கும், மங்கலான கண்ணோடு அது நல்லதா கெட்டதா என்று யார் சொல்வது. 60-40 பற்று பளபளக்கும், பார்த்ததும் தெரியும். ரோசின் புகை கண்ணையும் மூச்சையும் உறுத்தும், ஒரு சின்ன விசிறியைப் புகையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி வையுங்கள், உங்கள் பக்கம் ஊதும்படி வேண்டாம்.

அயர்ன் சூடாக இருக்கட்டும், வேலை சுருக்காக முடியட்டும். இரண்டு மூன்று நொடி. சூடு போதாத அயர்னை வைத்துக்கொண்டு அரை நிமிடம் தேய்க்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் முன்னதாகவே ஈயம் பூசி வைத்துக்கொண்டால் பிறகு தொட்டால் போதும்.

பழைய அளவியல் நூல்களில் வெப்ப மின்னழுத்தம் குறைந்த ஈயம் என்று கேட்மியம்-வெள்ளீயக் கலவையைச் சொல்லியிருப்பார்கள். தேடிப் போகாதீர்கள். நகைக்கடையில் கேடிஎம் என்று கேட்டிருப்பீர்களே, அந்தக் கேட்மியம்தான். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். உயர்தர நிலைத்தடைகளில் மாங்கனினை வெள்ளிப் பற்றால் சேர்ப்பார்கள், வருடங்கள் ஆனாலும் நகராது. அதற்குத் தீச்சுவாலை வேண்டும், வெண்காரம் வேண்டும், பொடி வைத்து ஊதுகிற கை வேண்டும். உங்கள் தெரு ஆசாரியிடம் கம்பி முனையையும் செம்புத் தகட்டையும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவார், கேட்மியம் கலக்காத வெள்ளிப்பொடி என்று மட்டும் சொல்லுங்கள். கடைக்கோடிப் பற்றுக்கு இது தேவையில்லை, வேண்டுமென்றால் செய்யலாம்.

சுற்றிய கம்பிக்கும் ஓய்வு வேண்டும். வளைத்த அழுத்தம் தளரும்வரை தடை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஆய்வகத்தில் 140 டிகிரியில் ஒரு நாளுக்கு மேல் அடுப்பில் வைப்போம். வீட்டு ஓவனை அப்படி ஓட்ட வேண்டாம், திறக்கும்போது வரும் அனலில் முகத்தைக் காட்டவும் வேண்டாம். உங்கள் துல்லியத்துக்கு நான்கையும் இப்போதே சுற்றி ஒரு மாதம் அலமாரியில் வைத்தால் பெரும்பாலும் போதும். மேலே அரக்கு வார்னிஷ் பூசாதீர்கள். அரக்கு ஈரக்காற்றில் ஊதிக் கம்பியை இழுக்கிறது, அதனால் கோடையில் தடை ஏறுகிறது என்று 1907 வாக்கிலேயே வாஷிங்டன் தர அளவியல் ஆய்வகத்தில் எட்வர்ட் ரோசா கண்டுபிடித்து, தடைகளை எண்ணெயில் அமிழ்த்தி மூடி முத்திரை வைத்தார். உங்கள் தடித்த கம்பியில் விளைவு சிறிதுதான், ஆனால் தூத்துக்குடிக் காற்றைச் சீண்டிப் பார்ப்பானேன்.

மாணவரிடம் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று இன்றே சொல்லிவிடுங்கள். உங்களிடம் படித்தவர், எண்களைக் காட்டினால் புரிந்துகொள்வார். காபிச் சோதனையில் என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அறை வெப்பநிலையையும் காபியின் வெப்பநிலையையும் சேர்த்து. மீட்டரின் இலக்கங்களைப் பேத்தியை வாசிக்கச் சொல்லுங்கள்.